அக்கரைச் சீமையிலே: கோயிலை இழந்த ஊரில் ஒரு பகல்



பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இரண்டு வாரமாக என் மேசையில் கிடக்கிறது. பள்ளி நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள்கள். எழுத்து மணி மணியாக இருக்கிறது. "மகன் இஞ்சினியர் படிப்பை முடித்துவிட்டான். மேற்படிப்புக்கு ஜெர்மனிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அங்கே படிப்புக்குக் காசே இல்லை என்கிறான். அது மெய்தானா? இல்லை, என்னை ஏமாற்றுகிறானா? அங்கே பிள்ளைகள் காலையில் எழுந்தால் என்ன செய்வார்கள், என்ன தின்பார்கள்? வகுப்பில் அடிக்கடி வெளியூர் கூட்டிப் போகிறார்களாமே, அது படிப்பா, ஊர் சுற்றலா? நீங்கள் அங்கே இருந்தவர். மறைக்காமல் எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

மறைக்காமலே எழுதுகிறேன், அம்மா.

முதலில் காசு. உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான். ஜெர்மனியின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. தெற்கே பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் 2017-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பிள்ளைகளிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இல் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. நான் படித்தது மேற்கு எல்லையில் இருக்கும் ஆகன் நகரத்தில். அங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை 250 யூரோவுக்குச் சற்று அதிகமாகக் கட்டினேன். அதிலேயே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பாஸ் அடங்கிவிடும்.

"அப்படியானால் இலவசம்தானே?" என்பீர்கள். பொறுங்கள். விசா கொடுப்பதற்கு முன்பே, ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உங்களிடம் பணம் இருக்கிறது என்று காட்டச் சொல்வார்கள். அந்தப் பணத்தை ஒரு பூட்டிய கணக்கில் போட்டுவிட வேண்டும். மாதா மாதம் இவ்வளவு என்று அளந்துதான் திறந்துவிடுவார்கள். 2017-இல் நான் போட்டது 8,640 யூரோ. அன்றைய மாற்று விலையில் நாற்பதாயிரம் வெள்ளிக்கு மேல். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக ஏறியது. அதாவது மாதம் 992. இன்னும் ஏறலாம், ஆகவே மனுப் போடும் நாளில் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பணம் உங்கள் மகனுடையதுதான், யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் முதலில் அதைக் கொண்டுவந்து வைக்க வேண்டுமே! என் வீட்டில் அப்பாவின் சேமநிதியில் ஒரு பகுதி, அண்ணன் கூட்டு கட்டி எடுத்த பணம், அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி, இவ்வளவும் சேர்ந்துதான் அந்த எண்ணிக்கை வந்தது. சங்கிலி அடகுக் கடையிலிருந்து திரும்பி வர மூன்று வருடம் ஆயிற்று. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

இனி அன்றாட வாழ்க்கைக்கு வருவோம்.

எனக்குக் கிடைத்தது மாணவர் விடுதியில் ஓர் அறை. லயத்து வீட்டுக் கூடத்தில் பாதிதான் இருக்கும். ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் அலமாரி, ஒரு சன்னல். அடுப்படி எட்டுப் பேருக்குப் பொது. முதல் வாரமே நான் ஊரிலிருந்து கொண்டுபோன நெத்திலியை வறுத்தேன். மிளகாய் நெடி ஏறியதும் மேலே இருந்த புகை மணி ஊரையே கூட்டுகிற மாதிரி அலறத் தொடங்கிவிட்டது. ஏழு பேரும் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் இருமினார்கள், ஒருத்தி கண்ணைக் கசக்கினாள். சீன நாட்டுப் பிள்ளை ஒருத்தி மட்டும் சட்டியை எட்டிப் பார்த்து, "எனக்குக் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டாள். அவள்தான் கடைசிவரை எனக்குத் தோழி.

பகலில் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு மூன்று யூரோவுக்கு வயிறு நிறையும். உருளைக் கிழங்கை அவிப்பார்கள், மசிப்பார்கள், பொரிப்பார்கள். மறுநாளும் அதே கிழங்கு வேறு பெயரில் வரும். கம்பு நிறத்தில் ஒரு ரொட்டி இருக்கிறது, அதைக் கடிக்கப் பல் நன்றாக இருக்க வேண்டும். அரிசிக்கு ஆசியக் கடைகள் உண்டு. ஈழத் தமிழர்கள் நடத்தும் கடை இருந்தால் கறிவேப்பிலைகூடக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடை எதுவும் திறக்காது. சனிக்கிழமை வாங்க மறந்தால் திங்கள்வரை காய்ந்த ரொட்டிதான்.

தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு நல்ல செய்தி. அங்கே பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் தருவார்கள். வாங்கும்போதே நம்மிடம் வாங்கிக்கொண்ட முன்பணம்தான் அது. ஆனாலும் பலர் பூங்காவில் குடித்துவிட்டுப் பாட்டிலை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு ஒட்டுப்பால் உரித்துக் கோணியில் போட்டவள் நான். எனக்கென்ன கூச்சம்? முதல் கோடையில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் பையோடு போய்விடுவேன். நாற்பது பாட்டில் என்றால் பத்து யூரோ. அது ஒரு வாரத்துக் காய்கறி.

பிறகு வேலை கிடைத்தது. மாணவர்கள் படித்துக்கொண்டே வேலை செய்யலாம். நான் இருந்தபோது வருடத்துக்கு 120 முழு நாள். 2024 மார்ச்சிலிருந்து அதை 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று உயர்த்தியிருக்கிறார்கள். 2017-இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8.84 யூரோ, 2025-இல் 12.82. ஓர் உணவு விடுதியில் பாத்திரம் துலக்கினேன். கை வெந்துபோகும். அப்பாவிடம் "ஆபீஸ் வேலை" என்று சொல்லியிருந்தேன். இந்தப் பத்தியைப் படித்துத்தான் அவருக்கு உண்மை தெரியப்போகிறது.

படிப்பு முறையில் இரண்டு விஷயம் என்னை ஏமாற்றின. பாடம் பத்து மணி என்று எழுதியிருந்தால் பல இடங்களில் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். கால் மணி நேரம் தள்ளி வருவது பழைய கால வழக்கமாம். பெரட்டுக்கு விடியற்காலையில் ஓடிய குடும்பத்தில் பிறந்தவளாயிற்றே, பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய் வெற்று மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். நாளை மாற்றிக் குறித்துக்கொண்டோமோ என்று அழுகையே வந்துவிட்டது. அடுத்தது மதிப்பெண். அங்கே ஒன்றுதான் உச்சம், நான்கு என்றால் தப்பித்தோம், ஐந்து என்றால் தோல்வி. ஒரு பரீட்சையில் 1.3 வாங்கிவிட்டுப் பூரித்துப்போய் அப்பாவுக்குப் போன் போட்டேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பரவால்ல பாப்பா, அடுத்த தடவ நல்லாப் படி" என்றார்.

ஆனால் ஒரே பாடத்தில் மூன்று முறை தவறினால் அந்தத் துறையைவிட்டே வெளியே போக வேண்டியதுதான். நாட்டில் வேறெங்கும் அதே துறையில் சேர்வதும் பெரும்பாலும் நடக்காது. கட்டணம் இல்லாத படிப்புக்கு இதுதான் விலை. நானும் ஒரு பாடத்தில் இரண்டு முறை விழுந்து, மூன்றாம் முறைக்கு முந்தின இரவு முழுவதும் கண் விழித்துக் கிடந்திருக்கிறேன். உங்கள் மகனுக்கு இதை யாராவது சொல்லி வைப்பது நல்லது.

இருட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் காலை எட்டரைக்குத்தான் சூரியன் வரும், மாலை நாலரைக்கெல்லாம் போய்விடும். குளிரைச் சட்டை போட்டுச் சமாளிக்கலாம். அந்த இருட்டுக்குத்தான் மருந்து இல்லை. நம் பிள்ளைகள் பலர் முதல் டிசம்பரில்தான் உடைந்துபோகிறார்கள். அந்த மாதம் மட்டும் அடிக்கடி போன் செய்யுங்கள்.

இப்போது வகுப்புச் சுற்றுலா. பல்கலைக்கழகப் பாடம் தொடங்குவதற்கு முன் ஆறு மாதம் ஜெர்மன் மொழி வகுப்பில் இருந்தேன். ஆசிரியை ஐம்பது வயதைத் தாண்டியவர். பேசாமல் மொழி வராது, ஊரைப் பார்க்காமல் பேச விஷயம் வராது என்பது அவர் கட்சி. மாதம் ஒருமுறை எங்களை எங்காவது இழுத்துக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் பார்த்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும். ஆகையால், அம்மா, அது படிப்புத்தான்.

முதல் பயணம் மூன்று நாடுகள் கூடும் முனைக்கு. ஆகன் நகரிலிருந்து பஸ் ஏறி, காட்டு வழியே நடந்தால் ஒரு குன்றின் உச்சி வருகிறது. 322 மீட்டர் உயரம். ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்து மண்ணில் இதுதான் மிக உயர்ந்த இடமாம்! நம் கேமரன் மலைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே ஒரு கல் நட்டிருக்கிறார்கள். ஒரு கால் ஜெர்மனியில், ஒரு கால் பெல்ஜியத்தில், கையை நீட்டினால் நெதர்லாந்து. அதிகாரி இல்லை, கடப்பிதழ் கேட்பார் இல்லை. ஜொகூர் பாலத்தில் விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வரிசை பிடிக்கும் என் சித்தப்பா மகனுக்கு அந்தக் கல்லின் படத்தை அனுப்பினேன். பதிலாக அவன் தன் முன்னே நிற்கும் வாகன வரிசையின் படத்தை அனுப்பினான்.

இன்னொரு முறை கொலோன் பேராலயத்துக்குப் போனோம். 1248-இல் தொடங்கி 1880-இல் முடித்த கோயில். இடையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வேலை நின்றே போயிருந்தது. கோபுரத்தின் உயரம் 157 மீட்டர். மேலே ஏற 533 படிகள். பத்துமலையின் 272 படிகளைக் காவடிக்காரர் பின்னால் ஓடி ஏறியவள் என்று பெருமையாகத் தொடங்கினேன். சுழன்று சுழன்று போகும் குறுகிய படி. பாதியிலேயே முருகா என்றுவிட்டேன்.

ஆனால் நான் இன்று எழுத உட்கார்ந்தது இவற்றைப் பற்றி அல்ல. 2017 செப்டம்பரில், மொழி வகுப்பின் கடைசிப் பயணமாக, எங்களைக் கார்ஸ்வைலர் நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கூட்டிப் போனார். அதைத்தான் சொல்ல வேண்டும்.

சுரங்கம் என்றதும் பூமிக்குள் இறங்கப்போகிறோம் என்று நினைத்தேன். இல்லை. அது ஒரு திறந்த பள்ளம். எங்கள் பழைய தோட்டத்தின் அத்தனை பிரிவுகளையும் உள்ளே போட்டாலும் ஒரு மூலைக்குக் காணாது. ஆழம் ஏறக்குறைய 200 மீட்டர். அடியில் பழுப்பு நிலக்கரி. அதை வெட்டி எடுத்துப் பக்கத்து மின் நிலையங்களில் எரிக்கிறார்கள். பள்ளத்தில் நின்ற இயந்திரங்களில் ஒன்று 1978-இல் கட்டியது. நீளம் 220 மீட்டர், உயரம் 96 மீட்டர், எடை 13,500 டன். சக்கரத்தில் வாளி வாளியாகக் கட்டி, நாளொன்றுக்கு 2,40,000 கன மீட்டர் மண்ணை அள்ளும். 2001-இல் அதை வேறொரு சுரங்கத்திலிருந்து 22 கிலோமீட்டர் நடத்தியே கூட்டி வந்தார்களாம். நெடுஞ்சாலையையும் ஆற்றையும் கடந்து மூன்று வாரத்தில் வந்து சேர்ந்ததாம். மேட்டிலிருந்து பார்த்தபோது அது ஒரு வெட்டுக்கிளி மாதிரித்தான் தெரிந்தது.

பள்ளம் நகர்ந்துகொண்டே வரும், வழியில் இருக்கும் ஊர்கள் போய்விடும், அதுதான் ஏற்பாடு என்றார் ஆசிரியை. பிறகு எங்களை அப்படிப்பட்ட ஓர் ஊருக்கே கூட்டிப் போனார். ஊரின் பெயர் இம்மராத்.

தெரு இருந்தது. தெரு விளக்குக் கம்பம் இருந்தது. வீடுகளைத்தான் காணோம். ஒன்றிரண்டு நின்றன, சன்னலில் பலகை அடித்திருந்தது. மற்ற இடமெல்லாம் புல். வேலிச் செடி மட்டும் ஒழுங்காக வளைந்து வளைந்து போயிற்று, இல்லாத வீட்டைச் சுற்றி. நடுவில் இரட்டைக் கோபுரத்தோடு ஒரு பெரிய மாதா கோயில். 1888-இலிருந்து 1891 வரை கட்டியது. இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய கோயிலா என்று கேட்கத் தோன்றும். ஊர்க்காரர்களே அதைப் பேராலயம் என்றுதான் செல்லமாகச் சொல்வார்களாம். 2013 அக்டோபரில் கடைசிப் பூசை நடத்திக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

எங்களுக்கு ஊரைக் காட்ட ஒரு முதியவர் வந்திருந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்து, புது ஊருக்குக் குடி போனவர். எர்க்கெலென்ஸ் என்ற பட்டணத்தின் பக்கத்தில் அதே பெயரில் புது இம்மராத் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு நட்ட ஈடு, புது மனை, ஒரு சிறிய கோயில், இடுகாடு எல்லாம் உண்டு. இடுகாடு என்றதும் என் காது நிமிர்ந்தது. பழைய இடுகாட்டில் இருந்த கல்லறைகளைத் தோண்டி, இருந்ததை எடுத்துப் புது ஊரில் மறுபடி அடக்கம் செய்திருக்கிறார்கள். "என் தாயாரையும் அப்படித்தான் கூட்டிப் போனோம்" என்றார் அந்த மனிதர். "கூட்டிப் போனோம்" என்ற சொல்லைத்தான் சொன்னார்.

அவர் ஓர் இடத்தில் நின்றார். புல்தான். "இதுதான் என் வீட்டு வாசல்" என்றார். புது வீடு எப்படி இருக்கிறது என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். "நன்றாகவே இருக்கிறது. கதகதப்பு. இரட்டைக் கண்ணாடிச் சன்னல். ஆனால் இங்கே இருட்டில் எழுந்தால் விளக்குச் சுவிட்ச் எங்கே என்று என் கைக்குத் தெரியும். அங்கே ஏழு வருடமாகியும் கை சுவரைத் தடவுகிறது" என்றார்.

எங்கள் வகுப்பில் அலெப்போவிலிருந்து வந்த ஒரு சிரியா நாட்டுப் பையன் இருந்தான். கலகலப்பாகப் பேசுகிறவன், அன்று முழுவதும் வாய் திறக்கவில்லை. கடைசியில், "இவருக்குக் கடிதம் போட்டு, நாள் குறித்து, பணம் கொடுத்து இடித்திருக்கிறார்கள்" என்றான். குறையாகச் சொன்னானா, பொறாமையாகச் சொன்னானா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எனக்கு வேறொரு கணக்கு மனத்தில் ஓடிற்று. 2004-இல் எங்கள் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். எனக்கு அப்போது பதினோரு வயது. கம்பெனிப் பெயர் எதற்கு, உங்களில் பலருக்கு இதே கதைதான், பெயர் மட்டும் வேறு. கித்தா மரங்களை முதலில் சாய்த்தார்கள். பிறகு ஆயாக் கொட்டகை, பிறகு மேல் லயம், பிறகு எங்கள் லயம். நட்ட ஈடு என்று அப்பா கையில் வந்ததைக் கொண்டு மலிவு விலை அடுக்குமாடியில் முன்பணம் மட்டும் கட்ட முடிந்தது. மாரியம்மன் கோயிலுக்குச் சாக்கடை ஓரம் ஒரு துண்டு நிலம் காட்டினார்கள். சிலையைத் துணியில் சுற்றி, ஒரு சிறு லாரியில் வைத்து, பெண்கள் எல்லாம் பின்னால் நடந்தே போனோம். இடுகாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. தாத்தா அங்கேதான் இருந்தார். இன்று அதன்மேல் நான்கு வழிச் சாலை போகிறது.

அன்றிரவே அப்பாவுக்குப் போன் போட்டேன். பள்ளத்தின் அகலம், இயந்திரத்தின் எடை எல்லாம் சொன்னேன். மெஷின் என்றால் அவருக்கு ஆசை, ஆர்வமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கல்லறைகளை எடுத்துப் போய் மறுபடி வைத்ததைச் சொன்னதும் மௌனமாகிவிட்டார். லைன் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"ஒவ்வொருத்தரையுமா எடுத்தாங்க?"

"ஆமாப்பா."

"பேரு எழுதி வச்சாங்களா?"

"எழுதி வச்சிருக்காங்கப்பா."

மறுபடி மௌனம். பிறகு கேட்டார்: "அப்போ அவங்க சாமிய? கோயில எடுத்தாங்களா?"

கட்டடத்தை எடுக்க மாட்டார்கள், இடிக்கப்போகிறார்கள் என்று சொன்னேன். "அவ்வளோ பெரிய கோயிலயா?" என்றார். அவர் குரலில் இருந்தது வருத்தமா, ஆறுதலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "நம்ம ஆத்தாவ நாம தூக்கிட்டு வந்துட்டோம் பாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

2018 ஜனவரியில் அந்தக் கோயிலை இடித்தார்கள். விடுதிக் கூடத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஆட்கள் வழி மறித்துப் போராடினார்கள், காவல்துறை வந்தது, பிறகு இயந்திரம் கோபுரத்தைக் கடித்தது. கல் உதிர்வதைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெர்மன் பெண் அழுதுவிட்டாள். அவள் கோயிலுக்கே போகாதவள்.

இதைப் படித்துவிட்டு, வெள்ளைக்காரன் நியாயவான், நம்மவர்கள்தான் மோசம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். இம்மராத்தைச் சேர்ந்த ஒருவர் சொந்த ஊரில் வாழும் உரிமைக்காக நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனார். 2013 டிசம்பரில் அவர் வழக்குத் தள்ளுபடியாயிற்று. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 2022 அக்டோபரில், அந்த வட்டாரத்தில் 2030-உடன் நிலக்கரியை நிறுத்திவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். அதனால் பக்கத்தில் இருந்த ஐந்து ஊர்கள் தப்பின. ஆனால் அதற்குள் அந்த ஊர்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்! லூட்செராத் என்ற சிற்றூர் தப்பவில்லை. 2023 ஜனவரியில் போராட்டக்காரர்களை அப்புறப்படுத்திவிட்டு அதையும் இடித்தார்கள். அங்கேயும் கணக்குப் போடுகிறவன் ஒருவன், குடியிருக்கிறவன் வேறொருவன். ஆனால் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்துக்கொண்டு எடுத்துப் போனார்களே, அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பெரிய செல்வம் ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், கேட்கிற மனதும் போதும்.

ஆசிரியை கேட்ட இரண்டு பக்கத்தை நான் ஆறு பக்கமாக எழுதினேன். பாதிக்கு மேல் எங்கள் தோட்டத்தைப் பற்றி. இலக்கணப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திவிட்டு, அடியில், "உங்கள் தாத்தாவின் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டு எழுதியிருந்தார். பதில் எழுதிக் கொடுத்தேன்.

அந்த மாதக் கடைசியில் மனம் நிலைகொள்ளாமல் ஹம் நகரத்துக்கு ரயில் ஏறினேன். ஆகனிலிருந்து வண்டி மாறாமலே போகலாம், ஏறக்குறைய மூன்று மணி நேரம். பாஸ் இருப்பதால் செலவில்லை. (ஜெர்மன் ரயில் நிமிடம் தவறாது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். அன்று ஐம்பது நிமிடம் தாமதம்.) ஊருக்கு வெளியே, தொழிற்பேட்டை நடுவில் காமாட்சி அம்மன் கோயில். போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் கட்டி, 2002-இல் குடமுழுக்குச் செய்தது. ராஜகோபுரம் 17 மீட்டர். ஒரு பக்கம் ஆலைகள், ஒரு பக்கம் வயல். கோடையில் தேர் இழுப்பார்கள். தீர்த்தமாடப் பக்கத்தில் ஓடும் கப்பல் கால்வாய்க்குத்தான் அம்மனைக் கொண்டுபோவார்கள். அர்ச்சனைச் சீட்டு எழுதிய அம்மா யாழ்ப்பாணத் தமிழில், "ஆற்ற பேருக்குப் பிள்ளை?" என்றார். தாத்தா பெயரைச் சொன்னேன். "நட்சத்திரம்?" என்றார். தெரியாது என்றேன். "பரவாயில்லை, அம்பாளுக்குத் தெரியும்" என்று எழுதிக்கொண்டார்.

பேராக் அம்மாவுக்கு மறுபடி வருகிறேன். மகனை அனுப்புவதானால் தடித்த குளிர்ச்சட்டையை இங்கே வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். அங்கே பழைய துணிச் சந்தையில் இருபது யூரோவுக்கு நல்லதாகக் கிடைக்கும். மிளகாய்த்தூளை இரட்டைப் பையில் கட்டுங்கள். ஒரு சின்ன அம்மி மாதிரி உரல் கொடுத்தனுப்பினால் நன்றி சொல்வான். சங்கிலியை அடகு வைப்பதா, விற்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்க வேண்டாம். விசா மனுவில் என்னென்ன தாள்கள் வேண்டும், பூட்டிய கணக்கை யார் பெயரில் திறப்பது, இங்கே வாங்கிய பட்டத்தை அங்கே ஏற்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள் அவனை ஜெர்மன் மொழியில் ஒன்று முதல் நூறு வரை எண்ணச் சொல்லுங்கள். இருபத்தொன்றை அவர்கள் "ஒன்றும் இருபதும்" என்று திருப்பிச் சொல்வார்கள். முதல் மாதம் கடையில் சில்லறை எண்ணும்போது எல்லாரும் தடுமாறுவது அங்கேதான்.